கோட்டையூரில் நான் துப்பட்டாவால் துடைத்த கேலக்ஸி

மக்களே, பார்த்துவிட்டேன், என் சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டேன், இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை, ஸ்கிரீனில் இல்லை, வால்பேப்பரில் இல்லை, கோட்டையூரில் ஒரு வீட்டு வளவுக்குள் நின்றுகொண்டு நேராகப் பார்த்துவிட்டேன்!

போட்டோ எங்கே என்று கேட்காதீர்கள். போட்டோ கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் இந்தப் பதிவே.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் மதுரை. பி.காம். முடித்துவிட்டு ஒரு டூவீலர் ஷோரூமில் பில் போடுகிறேன். விண்வெளி பற்றி எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படித்ததில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வீடியோ, எழுந்தால் வீடியோ, அப்படிக் கற்றுக்கொண்டதுதான். அதை இங்கே எழுத ஆரம்பித்து, படித்தவர்களைச் சேர்த்து 'கேலக்ஸி கூட்டம்' என்று ஒரு குரூப் தொடங்கினேன். தொடங்கியது நான். அட்மின் நான். ஒரு கேலக்ஸியைக்கூட நேரில் பார்க்காதவளும் நான். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் நிலா தெரியும், வியாழன் தெரியும், எதிர்வீட்டு ஃபோகஸ் லைட் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

குரூப்பில் ஜெசி என்று ஒருத்தி. முழுப் பெயர் ஜெசிந்தா. காரைக்குடி பக்கம் அமராவதிபுதூர், வாத்தியார் மகள், என்னைவிட ஒரு வயது சின்னவள். என் பதிவுகளுக்குக் கீழே 'சூப்பர்க்கா' என்று எழுதிக்கொண்டு நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாள். சிங்கப்பூர் சித்தப்பா அவளுக்கு எட்டு இன்ச் டெலஸ்கோப் வாங்கிக் கொடுக்கும்வரை.

போன மாதம் அவள் குரூப்பில் ஆண்ட்ரோமீடாவைப் போட்டாள். டெலஸ்கோப்பின் கண் வைக்கும் துவாரத்தில் போனைப் பிடித்து எடுத்த படம். கலங்கலாக, சாம்பல் நிறத்தில், யாரோ கண்ணாடியில் ஊதியது மாதிரி இருந்தது. அதற்கு விழுந்த ஹார்ட் என்ன, 'நீதான் ராணி' என்ன! அதே வாரம் சுருள் கேலக்ஸிகளில் தூசி எப்படிப் பரவியிருக்கிறது என்று நான் மாங்கு மாங்கென்று எழுதிய பதிவுக்கு மொத்தம் நாலு ஹார்ட், அதில் ஒன்று என் அம்மா. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே இறங்கவில்லை.

"அக்கா, நீங்க எப்ப வாரீக? நேர்லயே பாத்துருவோம்" என்று அவள் கூப்பிட்டதும் உடனே சரி என்றேன். ஆசை பாதி. மீதி என்ன என்று உங்களுக்கே தெரியும். போன் கேமராவிலேயே இவ்வளவு தெரிந்தால் நேரில் பார்க்கிற கண்ணுக்குச் சுருள், கைகள், நீலம், ரோஸ் எல்லாமே தெரியாதா என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பில் அறிவிப்பும் போட்டுவிட்டேன்: 'சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணியிலிருந்து நேரடி அப்டேட். அட்மினின் முதல் கேலக்ஸி!' ஆக, பார்க்காமல் திரும்பினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்கழி பிறந்து சில நாள், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டது போல இருந்தது. மாட்டுத்தாவணியில் காலை பத்தரைக்கு பஸ் ஏறினேன். மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், எனக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது. ஜன்னல் சீட் கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு.

ஜெசி பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட அழகாக வேறு இருந்தாள். (சரி, விடுங்கள்.) நேராக ஒரு பலகாரக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கண்ணாடி டப்பாக்களைப் பார்த்ததும் எனக்கு மூளை பற்றிக்கொண்டது. கேலக்ஸி வகைகள் முழுவதும் அந்த அலமாரியில் வரிசையாக இருந்தன! ஒவ்வொன்றில் ஒன்று வாங்கிக் கடை பெஞ்சிலேயே பரப்பினேன்.

கைச்சுற்று முறுக்கு, அதுதான் சுருள் கேலக்ஸி. நடுவில் பழைய நட்சத்திரங்கள் மஞ்சளாகக் குவிந்திருக்கும். சுற்றிவரும் கைகளில் ஹைட்ரஜன் வாயுவும் தூசியும் இன்னும் நிறையக் கிடக்கும், அதனால் அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கும், அதில் பெரியவை நீலமாக எரியும். மாவு இன்னும் மிச்சமிருக்கிற அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் குடியிருக்கும் பால்வீதியும் சுருள்தான், ஆனால் நடுவில் விரல் மாதிரி நீளமான ஒரு சீப்புச் சீடையைக் கிடத்தி, அதன் இரண்டு முனையிலிருந்தும் முறுக்கைச் சுற்றின மாதிரி. பட்டைச் சுருள் என்பார்கள்.

மாவுருண்டை, நீள்வட்டக் கேலக்ஸி. உருண்டையாகவோ கொஞ்சம் நசுங்கியோ இருக்கும். பாசிப்பருப்பை வறுத்து, அரைத்து, நெய் ஊற்றிப் பிடித்தாகிவிட்டது, இனிமேல் வேக ஒன்றுமில்லை. அதேபோல இதில் குளிர்ந்த வாயு மிச்சமே கிடையாது என்று சொல்லலாம். புதிதாக நட்சத்திரம் பிறப்பது அபூர்வம். இருப்பதெல்லாம் வயதான, செம்மஞ்சள் நட்சத்திரங்கள். பெரிய கேலக்ஸிகள் மோதிச் சேர்ந்து உண்டானவை இதில் நிறைய.

"ஒழுங்கில்லாத கேலக்ஸிக்கு என்னக்கா?" என்றாள் ஜெசி.

நான் டப்பாவின் அடியில் கிடந்த முறுக்குத் தூளைக் காட்டினேன். உருவமே இல்லாமல் சிதறிக் கிடக்கும், ஆனால் வாயு மட்டும் ஏராளம்.

கடைக்கார அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, உடைஞ்சது வேணும்னா கேளு, பாதி வெலைக்குத் தாரேன். நல்ல முறுக்க எதுக்குப் பெஞ்சுல வச்சுப் பிரதட்சணம் பண்றீக?"

நாலாவது வகைதான் மாட்டவில்லை. வில்லை வடிவக் கேலக்ஸி. சுருள் மாதிரி தட்டு உண்டு, ஆனால் கைகள் கிடையாது. நீள்வட்டம் மாதிரி பழைய நட்சத்திரங்கள், ஆனால் உருண்டை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள். அதிரசத்தைப் பார்த்தேன், சரியில்லை. தட்டையைப் பார்த்தேன், நடுவில் உப்பலே இல்லை.

"ஆப்பம்க்கா" என்றாள் ஜெசி, போனைப் பார்த்தபடி. "நடுவுல உப்பலா, ஓரமெல்லாம் தட்டையா. கையும் கெடையாது, சுருளும் கெடையாது."

ஆப்பம்! மூன்று வருஷமாக நான் யோசித்து வராதது இவளுக்கு ஒரு நொடியில் வருகிறது. நல்லா இருக்கு என்று சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அமராவதிபுதூர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும், டவுன் பஸ் உண்டு. ஜெசி வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கிறிஸ்துமஸ் வருகிறது. வீட்டுக்கு வீடு வாசலில் காகித நட்சத்திரம், உள்ளே பல்பு, குடில், சீரியல் செட். பகலிலேயே பத்து வீட்டில் எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி இந்தத் தெருவில் கேலக்ஸி எப்படித் தெரியும்?

"தெரியாது" என்றாள் ஜெசி. "எங்கப்பாட்ட மூணு நாளாச் சொல்றேன், நம்ம வீட்டு ஸ்டாரையாச்சும் அமத்துங்கன்னு. பக்கத்துவீட்டு அங்கிள் வீட்டு ஸ்டார் பெருசா இருக்குன்னு அவுக இன்னொன்னு வாங்கிட்டு வந்து நிக்கிறாக."

அதனால்தான் கோட்டையூர். ஜெசியோடு கல்லூரியில் படித்த பெண்ணின் வீடு, பழைய பெரிய வீடு. நடுவில் கூரையில்லாத திறந்த முற்றம் உண்டு, அதைத்தான் வளவு என்கிறார்கள். சுற்றிலும் உயரமான சுவர் இருப்பதால் தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே விழாது. அந்தப் பெண் வெளியூரில் வேலையில் இருக்கிறாள், அவள் அம்மா உமையாள் ஆச்சி வரச்சொல்லியிருந்தார். (ஆச்சி என்றதும் பாட்டி என்று நினைக்காதீர்கள். அங்கே அவர்கள் வீட்டுப் பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இந்த ஆச்சிக்கு ஐம்பது வயதுகூட இருக்காது, கையில் ஸ்மார்ட் வாட்ச்.)

டெலஸ்கோப்பை ஆட்டோவில் கொண்டுபோனோம். குழாய் மட்டுமே நாலடி நீளம். நானும் ஜெசியும் மடியில் குறுக்கே படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டோம். ஆட்டோ முருகேசன் அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எந்த வீட்டுல கீஸர் மாட்டப் போறீக?"

"கீஸர் இல்லண்ணே, டெலஸ்கோப்பு. கேலக்ஸி பாக்க" என்றேன்.

"கேலக்ஸின்னா?"

நட்சத்திரமும் வாயுவும் தூசியும் கோடிக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்த பெரிய கூட்டம், நாம் இருப்பதும் அப்படி ஒன்றுக்குள்தான் என்று விளக்கினேன். அவர் ஒரு ஸ்பீட் பிரேக்கரை மெதுவாக ஏறி இறங்கினார். "அப்ப நம்ம உள்ளதானே இருக்கோம், அதைப் பாக்க எதுக்குக் கோட்டையூரு வரைக்கும்?" என்றார். காத்திருந்து திரும்பக் கூட்டிவர முன்னூற்றைம்பது ரூபாய் பேசினோம்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆச்சி முதலில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்தார். சாப்பிடாமல் டெலஸ்கோப் பக்கம் போக விடவில்லை. பணியாரம் எண்ணெய்ப் பதமாக, மெத்தென்று, ஆளுக்கு ஏழெட்டு. கை கழுவினேன் என்றுதான் நினைக்கிறேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வளவு நான் நினைத்ததைவிடச் சின்னது. வடக்குப் பக்கம் மாடி எழும்பி நிற்கிறது, மற்ற மூன்று பக்கமும் தூண்கள், ஓட்டுச் சார்ப்பு, சார்ப்புக்குக் கீழே வரிசையாக அறைகள். ஆண்ட்ரோமீடா ஏழு மணிக்கு வடக்கு வானில் உச்சியில் இருக்கும், அப்புறம் மேற்கே சாய்ந்து இறங்கும். ஜெசி கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டு, "ஒம்போது மணிக்குள்ள பாத்துரணும்க்கா. அப்பறம் மாடிக்குப் பின்னாடி போயிரும்" என்றாள்.

"மாடி மேலயே போய்ப் பாத்தா என்ன?" என்றேன்.

"மாடிச் சாவி மெட்ராஸ்ல இருக்கு" என்றார் ஆச்சி. ஒரே வீடு, பல பங்காளிகள். கல்யாணமான ஆண்மகன் ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை, பூட்டு, தனி மின் இணைப்பு. மாடி மெட்ராஸ்காரர் பங்கு.

இருட்டியதும் சிக்கல் வந்தது. கிழக்கு வரிசையில் பூட்டியிருந்த ஓர் அறைக்கு மேலே ஒரு எல்.இ.டி. பல்பு பளீரென்று எரிந்தது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

"அது கோயமுத்தூரு அண்ணன் புள்ளியோட லைட்டு. திருட்டுப் பயத்துக்கு சென்சாரு பல்பு மாட்டியிருக்காக, இருட்டுனா அதுவா எரியும். சுவிட்சு அறைக்குள்ள" என்றார் ஆச்சி.

"அப்ப டார்ச்ச அது மேல அடிச்சா விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு அணைஞ்சிரும்ல!" என்று நான் பெரிய அறிவாளி போலச் சொன்னேன்.

"அணைஞ்சிரும். டார்ச்சு எரியும்" என்றாள் ஜெசி.

கழற்றிவிடலாமே என்றால் ஆச்சி நாக்கைக் கடித்தார். "கேக்காமலா? அவுக சுவத்துல நான் ஒரு ஆணி அடிச்சாலே பொங்கலுக்கு வாரப்ப பேச்சு வரும். ஒரு போனப் போட்டுருவோம்." ஆச்சி போன் சார்ஜில் கிடந்தது. என் போனில் வீடியோ கால் போட்டோம்.

கோயமுத்தூர் அண்ணன் பனியனோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கழட்டுங்க, கழட்டுங்க. கழட்டுனதையும் திரும்ப மாட்டுனதையும் குடும்ப குரூப்புல போட்டோ போட்டுருங்க" என்றார். முருகேசன் அண்ணன் ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றினார். வளவு கும்மிருட்டானது. மேலே செவ்வகமாக வெட்டிவைத்த வானம், அதில் மதுரையில் நான் பார்த்தே இராத அளவுக்கு நட்சத்திரங்கள்.

ஆனால் போனில் இருந்தவர் போகவில்லை. "எனக்கும் காட்டுங்க அந்தக் கேலக்ஸிய." அவர் மனைவி வந்தார், மகள் வந்தாள். நான் முகத்துக்கு நேரே ஸ்கிரீனை வைத்துக்கொண்டு அவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டினேன். "ஒண்ணுந் தெரியல, கருப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள். அதற்குள் நம் குரூப்பில் இருபது மெசேஜ். 'அட்மின் அப்டேட்?' 'ஆரம்பிச்சாச்சா?' எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன்.

ஜெசி சதுரமான நட்சத்திரக் கூட்டத்திலிருந்து இரண்டு நட்சத்திரம் தள்ளி, அங்கிருந்து வடக்கே இரண்டு என்று எண்ணி டெலஸ்கோப்பைத் திருப்பினாள். முணுமுணுத்துக்கொண்டே அதைச் செய்தது ஏதோ அவள் வீட்டுப் புழக்கடையில் போய்வருவது மாதிரி இருந்தது. "கெடச்சிருச்சு. வாங்கக்கா, நீங்கதான் மொதல்ல."

கண்ணை வைத்தேன். கருப்பு. இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலைந்து புள்ளி. சுருளைத் தேடினேன். நீலத்தைத் தேடினேன். ஒன்றுமே இல்லை.

"தெரியுதாக்கா?"

"ம்... இரு, பாக்குறேன்."

ஆச்சி பார்த்தார். "அட, ஆமா! மங்கலா, நீளவாக்குல!" என்றார். மறுபடி நான். ஒன்றும் இல்லை. அப்புறம் முருகேசன் அண்ணன் குனிந்தார்.

"பாப்பா, கண்ணாடியில பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு. தொடச்சு விடுங்க, நல்லாத் தெரியும்."

அதுதான் காரணம்! தூசி ஒட்டியிருக்கிறது, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை! ஜெசி "வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் துப்பட்டா நுனியால் கண் வைக்கிற அந்தக் கண்ணாடியை நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டேன். பணியார விரலால், பணியாரம் பட்ட துப்பட்டாவால்.

ஜெசி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "ஏன்க்கா தொடச்சீக?"

"பஞ்சு ஒட்டியிருந்துச்சுன்னு அண்ணன் சொன்னாகல்ல."

"அந்தப் பஞ்சுதான்க்கா ஆண்ட்ரோமீடா."

"நான் சும்மா சொன்னேன்" என்று முருகேசன் அண்ணன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போனார். இப்போது கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் படலம், எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் சுற்றி மஞ்சள் புகை. அவளிடம் நன்றாக வேலை செய்கிற கண்ணாடி அது ஒன்றுதான். மணி எட்டேகால். உள்ளே போய்த் திரவம் போட்டுத் துடைத்துக் காயவைக்க அரை மணி ஆகும் என்றாள். என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். "போனக் குடுங்க."

"எதுக்கு?"

"ஏழு மணிலருந்து அந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருக்கீக. ஒங்க கண்ணுக்கு இருட்டே இன்னும் பழகல. எட்டு இன்ச் இல்ல, எண்பது இன்ச் வச்சாலும் தெரியாது. அந்தத் தூணு பக்கத்துல போய் உக்காருங்க. லைட்ட எதையும் பாக்கக்கூடாது."

கொடுத்துவிட்டேன். அவள் உள்ளே போனாள்.

தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். சொல்வதற்கென்ன, அழுகை வந்தது. இவளுக்கு டெலஸ்கோப் இருக்கிறது, அதைத் திருப்பத் தெரிந்த கை இருக்கிறது, ஆப்பம் தோன்றுகிற மூளை இருக்கிறது. கீஸர் மாட்டப் போகிறீர்களா என்று கேட்ட மனுஷனுக்குக்கூட முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. கேலக்ஸி கூட்டத்து அட்மினுக்கு மட்டும் தெரியவில்லை. குரூப்பில் 'பார்த்துட்டேன், செம' என்று ஒரு வரி போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட யோசித்தேன். போட்டிருப்பேன், போன் கையில் இருந்திருந்தால்.

ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாட்ச் மினுக்கென்று எரிந்தது. "அய்யய்யோ" என்று அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏன் ஆத்தா, அதுக்குள்ள என்னதான் இருக்கு, இம்புட்டுப் பாடு படுறீக?"

போன் இல்லை. படம் காட்ட முடியாது. வெறும் வாயால் சொன்னேன். வாயுவில் முக்கால்வாசி ஹைட்ரஜன் என்றும், அந்தத் தூசி நம் வீட்டுத் தூசி மாதிரி இல்லை, அடுப்புக் கரியையும் மணலையும் புகையாக அரைத்தது மாதிரி என்றும், அந்த வாயுவும் தூசியும் குளிர்ந்து இறுகித்தான் நட்சத்திரம் பிறக்கிறது என்றும். நடுவில் ஒரு பெரிய கருந்துளை. "இதெல்லாம் சேந்தாலும் கொஞ்சந்தான் ஆச்சி. மிச்சம் பெரும்பகுதி என்னன்னு யாருக்குமே தெரியாது. வெளிச்சமே விடாது, கண்ணுக்கே தெரியாது. ஆனா அது இழுத்துப் பிடிக்கலேன்னா இந்த நட்சத்திரமெல்லாம் இந்த வேகத்துக்குத் தெறிச்சு ஓடியிருக்கும். இருண்ட பொருள்னு பேரு வச்சிருக்காங்க."

"பூட்டுன அறைக்குள்ள சுவிட்ச வச்ச மாதிரி."

"ஆமா ஆச்சி, அப்படித்தான்!"

"நம்மளும் அதுவும் பக்கத்துப் பக்கத்து வீடாக்கும்?"

"பக்கந்தான். பல நூறு கோடி வருசம் கழிச்சு ரெண்டும் ஒண்ணாச் சேந்தாலும் சேந்துரும்னு சொல்றாங்க. சேந்தா சுருளெல்லாம் கலைஞ்சு பெரிய மாவுருண்டை ஆயிரும்."

ஆச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊரு உலகத்துல எல்லாரும் பிரிச்சுக் குடுன்னுதான் நிக்கிறாக, அங்கிட்டு என்னடான்னா சேந்துக்கிறாகளா! சாவி யாருகிட்ட இருக்கும்?"

பின்னால் ஜெசியின் குரல். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கோபம் பாதிதான் குறைந்திருந்தது. "இப்படிச் சொல்லத் தெரிஞ்ச ஆளு, எழுதுறப்ப மட்டும் ஏன்க்கா பாடப்புத்தகம் மாதிரி எழுதுறீக? நான் உங்க தூசிப் பதிவ ரெண்டு தடவ படிக்க ஆரம்பிச்சுத் தூங்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன், அந்த இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. தூண்கள் தெரிந்தன, தரையில் கோலப்பொடி தெரிந்தது. எந்த விளக்கும் எரியவில்லை.

ஜெசி கண்ணாடியைப் பொருத்தி மறுபடி தேடினாள். நட்சத்திரங்கள் மாடி விளிம்பை நெருங்கிவிட்டிருந்தன. "சீக்கிரம் வாங்க. நேராப் பாக்காதீக, கொஞ்சம் ஓரமாப் பாருங்க. கண்ணோட ஓரத்துக்குத்தான் மங்கல் நல்லாத் தெரியும்."

குனிந்தேன். ஓரமாகப் பார்த்தேன்.

இருந்தது.

சாம்பல் நிறம்தான். சுருள் இல்லை, நீலம் இல்லை, ரோஸ் இல்லை. நடுவில் கொஞ்சம் பளிச்சென்று, இரண்டு பக்கமும் நீண்டு நீண்டு, எங்கே முடிகிறது என்றே தெரியாத ஒரு மங்கல். நேராக முறைத்தால் சுருங்குகிறது, பார்வையைத் தள்ளினால் விரிகிறது, கூச்சப்படுகிற மாதிரி. பக்கத்திலேயே சின்னதாக, உருண்டையாக இன்னொரு புகைப் பொட்டு: அதன் துணைக் கேலக்ஸி, நீள்வட்ட வகை. மாவுருண்டை! எந்தப் படத்திலும் நான் அதைக் கவனித்ததே இல்லை. கோடிகோடி நட்சத்திரங்களின் வெளிச்சம், மனுஷர்கள் என்று ஒரு கூட்டம் உருவாகும் முன்பே கிளம்பி, ஒன்றிலும் படாமல் வந்து, கோயமுத்தூர் அண்ணனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, என் கண்ணுக்குள் விழுகிறது.

"தெரியுதாக்கா?" என்றாள் ஜெசி. நான் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அது மாடிக்குப் பின்னால் போனது எப்படியென்றால், ஓட்டின் விளிம்பெல்லாம் உள்ளே தெரியாது, யாரோ ரெகுலேட்டரைத் திருப்பிக் குறைக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போனது. கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை. ஜெசி அன்றைக்கு ஒழுங்காக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது ஆட்டோவில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன். "பரவால்லக்கா, நாளைக்கும் இருக்கும்ல" என்று குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். நாளைக்கும் இருக்கும். அவளுக்கு. பாருங்கள், மறுபடி ஆரம்பித்துவிட்டது எனக்கு.

அன்றிரவு குரூப்பில் நான் போட்டது ஒரே படம்: கழற்றிய பல்பைத் திரும்ப மாட்டுகிற முருகேசன் அண்ணன். அதற்குக் கீழே இந்தக் கதையைச் சுருக்கமாக. ஹார்ட் நிறைய விழுந்தது. பாதிக்கு மேல் 'ஆப்பம்' என்ற வார்த்தைக்கு.

நீங்கள் போவதாக இருந்தால்: மார்கழி, தை, அமாவாசைக்கு முன்பின் நாலைந்து நாள். ஆண்ட்ரோமீடாவுக்கு இருட்டியவுடன் வடக்கே பாருங்கள், இந்த மாதம் ஏழு மணிக்கே உயரத்தில் இருக்கும், தை பிறந்தால் வடமேற்கே இறங்கிவிடும். டெலஸ்கோப் இல்லாவிட்டால் பைனாகுலர் போதும், அதிலும் மங்கலாகத் தெரியும். டார்ச் கொண்டுபோனால் சிவப்புக் காகிதம் சுற்றுங்கள். காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் பெரிய வீடு எதற்குள் போவதானாலும் அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பல்பு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், ஆட்டோவைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பணியாரம் சாப்பிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முக்கியமாக, பார்ப்பதற்கு அரை மணி முன்பே போனை அணைத்து, உங்களிடம் திருப்பித் தராத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வண்ணப் படங்களில் இருப்பது பொய்யில்லை. அந்த நீலமும் ரோஸும் நிஜமாகவே அங்கே இருக்கின்றன. மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேர்த்துவைக்கிற கேமராவுக்கு அது தெரியும், நம் கண்ணுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் மூன்று வருஷமாகக் கேமராவின் கண்ணால் பார்த்துவிட்டு என் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெசி மேல் இருந்த பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. குறைந்திருக்கிறது, கொஞ்சம் இடம் மாறியும் இருக்கிறது. இப்போது இதைப் படிக்கிறவர்களில் இன்னும் ஒரு கேலக்ஸியைக்கூடப் பார்க்காதவர்கள் மேல்தான் அதிகம். உங்களுக்கு அந்த முதல் தடவை இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்குத் தீர்ந்துவிட்டது, அதிலும் பாதியை நானே துடைத்துவிட்டேன்.

உங்கள் ஊரில் தெருவிளக்கு எட்டாத வளவோ, மைதானமோ, களத்துமேடோ இருந்தால் கீழே எழுதுங்கள், அடுத்த அமாவாசைக்கு அங்கே கூடுவோம். இந்தப் பதிவை வீட்டில் டெலஸ்கோப்பைப் பரணில் போட்டு வைத்திருக்கிற எல்லாருக்கும் அனுப்புங்கள். யாராவது பார்த்துவிட்டால் என்ன தெரிந்தது என்று ஒரு வரி போடுங்கள். உடனே போடாதீர்கள். அது சுவருக்குப் பின்னால் மறைந்த பிறகு போடுங்கள்.